தலை எண்ணிக்கை

வெருலத்தில், டயர் கடைக்குப் பின்னால்
மஞ்சள் கேட் போட்ட வீடு.
"ஐந்து நாள் வந்து பாருங்கள்" என்றார் மிஸஸ் மூன்சாமி,
"அப்புறம் நீங்களே சொல்லுங்கள்."
சம்பளம் கிடையாது. மதியம் பருப்பும் சோறும்.

ஒன்பது வருடம் செருப்புத் தொழிற்சாலையில்
ஜோடி எண்ணியவள் நான்.
இடதுகால் ஒன்று குறைந்தால்
பெட்டியே திரும்பி வரும்.
ஆலையை மூடிய அன்று கையெழுத்து வாங்கினார்கள்,
எதையும் எண்ணச் சொல்லவில்லை.

விண்ணப்பத் தாளில் இரண்டாவது கேள்வி:
உங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்குமா?
யாருடைய குழந்தைகளை?
காலையிலா, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கா?
பெட்டி சின்னது.
'ஆம்' என்று எழுதினேன். பேனா நன்றாக எழுதியது.

திங்கட்கிழமை பதினான்கு பேர்.
மூக்கு ஒழுகுகிறவர்கள் ஒன்பது,
கஞ்சியைச் சுவரில் பூசுகிறவள் ஒருத்தி,
அம்மாவின் கார் போன திசையைப் பார்த்தே
பதினோரு மணிவரை நின்றவன் ஒருவன்.
சமாதானம் சொல்லத் தெரியாமல்
நானும் பக்கத்தில் நின்றேன்.
ஒரு லாரி போனது. பிறகு இன்னொன்று.
மூன்றாவதை அவன் எனக்குக் காட்டினான்.

செவ்வாய்: கடி. இடது முழங்கைக்குக் கீழே, எட்டுப் பற்கள்.

ராத்திரி ஃபீனிக்ஸில் நாத்தனார் ரூமிலா
கடித்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்:
"பெறாதவளுக்கு ஊரார் பிள்ளை கழுவுகிற வேலையா?"
மாதம் நாலாயிரத்து எண்ணூறு ராண்ட்,
டாக்ஸிக்கே எண்ணூறு போய்விடும் என்று
நான் அவளுக்கு எண்களில் பதில் சொன்னேன்.
எண்களில் அழுகை வராது.

புதன்கிழமையைப் பற்றி எதுவும் நினைவில்லை,
முதுகு வலித்ததைத் தவிர.

வியாழன் மதியம், எல்லோரும் படுத்திருந்தபோது
மின்சாரம் போனது.
வானம் வேறு கடற்பக்கம் கறுத்திருந்தது.
பாய் பாயாகத் தொட்டு எண்ணினேன்.
பதின்மூன்று.
விளக்கைத் தேடவில்லை, மறுபடி எண்ணினேன்,
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.
பதின்மூன்று.
கணக்குத் தப்பினால் திருப்பி அனுப்ப
இங்கே பெட்டி இல்லை.
கழிவறை. அலமாரி. மஞ்சள் கேட்.
கேட் தாழ் என் இடுப்புக்கும் கீழே இருந்தது;
நாலு நாளாக அதைக் கடந்தே வந்திருக்கிறேன்.

அண்டிலே என் பின்னால்தான் இருந்தான்.
ஜீன்ஸின் பெல்ட் வளையத்தில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு
நான் ஓடிய இடமெல்லாம் ஓடியிருக்கிறான்.
எனக்குத் தெரியவே இல்லை.
ஒரு குழந்தையின் எடை என்மேல் தொங்கியும்
தெரியவில்லை.
"ங்கியெசாபா" என்றான்.
சமையல்காரி நோமுசாவிடம் அர்த்தம் கேட்டேன்.
பயமாக இருக்கிறதாம்.
எத்தனை தடவை சொன்னானோ
நான் எண்ணிக்கொண்டிருந்தபோது.

அன்றிரவு தூங்கவில்லை.
லாயக்கற்றவள் என்றது ஒரு பக்கத்துக் காது.
மற்றக் காது ஒன்றும் சொல்லாமல்
அந்தச் சொல்லை உச்சரித்துப் பழகியது,
முதலில் தப்பாக.

வெள்ளி சாயங்காலம் மிஸஸ் மூன்சாமி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"என்ன முடிவு பண்ணினீர்கள், தெலோஷ்னி?"
பிடிக்குமா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுபடியும் 'ஆம்' என்றிருப்பேன்,
அந்தப் பேனாவைப் போல.

"கேட் தாழை மேலே மாற்றணும்" என்றேன்.
"மூன்று வயதுக் கைக்கு எட்டுகிறது.
ஒரு டார்ச்சும் வேணும்."
எழுதிக்கொண்டார்.
"திங்கள் ஆறரைக்கா?"
"ஏழு" என்றேன்.
"அதற்கு முன் எங்கள் பக்கம் டாக்ஸி வராது."